செப்டிக் ஊசி

நம்ம ஊர்ல ஆணி குத்தினாலும் சரி, தகரம் கிழிச்சாலும் சரி, பக்கத்துல யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "ஒரு செப்டிக் ஊசி போட்டுருங்க." அது ரணஜன்னிக்கான டிடி ஊசி. காயத்துல சீழ் பிடிக்கிறதை அது தடுக்காது. ஆனாலும் பேர் ஒட்டிக்கிச்சு. "செப்டிக் ஆயிடுச்சு"ன்னா நமக்கு சீழ் வெச்ச புண், அவ்வளவுதான். அதனாலதான் டாக்டர் "செப்சிஸ்"னு சொன்னா, 'புண்ணே இல்லையே, எங்கேர்ந்து செப்டிக்?'னு முழிக்கிறோம்.

போன வருஷம் பெரியம்மாவுக்கு வந்தப்போ எங்க வீட்டிலும் அதே முழிதான். அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதறேன். (நான் டாக்டர் இல்லீங்க, கணக்கு எழுதுற ஆளு!)

விரல்ல முள் குத்தினா என்ன ஆகும்? சிவக்கும், வீங்கும், சூடாகும், வலிக்கும். இந்த நாலையும் ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வெச்சுட்டார். இதுக்குப் பேர் அழற்சி. கிருமி நுழைஞ்சதும் அங்கே காவலுக்கு இருக்கும் அணுக்கள், சைட்டோகைன் என்கிற ரசாயனங்களை விட்டு ஆள் திரட்டும். அந்த இடத்து ரத்தக்குழாய்கள் விரிஞ்சு லேசாகக் கசியும். அந்த வழியா வெள்ளணுக்கள் வெளியே வந்து கிருமியை விழுங்கும். வேலை முடிஞ்சா எல்லாம் அடங்கிடும்.

செப்சிஸ்ல அந்த அடக்கம் போயிடுது. விரல் அளவில் நடக்க வேண்டியது உடம்பு முழுக்க நடக்குது. எல்லா இடத்திலும் குழாய்கள் விரிஞ்சா பிரஷர் இறங்கும். எல்லா இடத்திலும் கசிஞ்சா ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியே போயிடும். நுண்குழாய்களில் குட்டிக் குட்டியா ரத்தம் உறையும். கிட்னிக்கும் மூளைக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். 2016-ல் மருத்துவர்கள் திருத்தி எழுதின விளக்கமும் இதைத்தான் சொல்லுது: தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை தறிகெட்டு, உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்கு உறுப்புகள் செயலிழப்பதுதான் செப்சிஸ்.

பெரியம்மாவுக்கு 71 வயசு. இருபது வருஷமா சர்க்கரை. வந்தது சாதாரண நீர்க்கடுப்பு. மூணாம் நாள் காலையில அண்ணியை என் அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. அண்ணன் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தார். 97. "காய்ச்சலே இல்ல, தூக்கக் கலக்கம்"னார்.

அண்ணிதான் விடலை. "அத்தை மூச்சைப் பாருங்க, ஓடி வந்த மாதிரி வாங்குது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து பாத்ரூமே போகலை." உடனே ஆட்டோ பிடிச்சாச்சு. அவசர சிகிச்சையில் இருந்த டாக்டரம்மா கேட்டதும் அதே மாதிரி கேள்விகள்தான். கடைசியா எப்போ யூரின் போனாங்க? எப்போலேர்ந்து இப்படி மாத்திப் பேசறாங்க? பிரஷர் 80/50. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோட ஆன்டிபயாடிக், சலைன், பிரஷரை ஏத்த மருந்து. ஒன்பது நாள் ஐசியூ. பிழைச்சு வந்தாங்க.

வந்த பிறகும் மூணு மாசம் மாடிப்படி ஏற முடியலை. மறதி வேற. "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன படுக்கை?"ன்னு கேட்ட சொந்தக்காரங்க உண்டு. செப்சிஸ்ல பிழைச்ச பலருக்கும் இந்த அசதி மாசக்கணக்கில் இருக்குமாம். பெரியம்மா வேணும்னு படுத்துக்கலை.

2017-ல உலகம் முழுக்க சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தாங்கன்னு 2020-ல் லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. அதாவது ஐந்து சாவில் ஒன்று. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே அளவுகோல் 'காய்ச்சல் இருக்கா?' மட்டும்தான்.

வயசானவங்களுக்குக் காய்ச்சலே வராம இருக்கலாம். உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் போகலாம். அதனால சளி, நீர்க்கடுப்பு, கால் புண், எந்தத் தொற்றா இருந்தாலும் இந்த நாலைப் பாருங்க: திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு, சில்லிட்ட கை கால், நின்னு போன சிறுநீர். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம், கிளம்பிடுங்க. அங்கே போய், "இது செப்சிஸா இருக்குமா?"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.