வெள்ளைக் கரடியும் என் பிழையும்

சென்ற வருட விஞ்ஞானக் கண்காட்சியில் எங்கள் வகுப்பு துருவக் கரடியைப் பற்றி ஒரு சுவரொட்டி வைத்தது. விளக்கம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. "இந்தக் கரடி என்ன நிறம்?" என்று வருபவர்களிடம் கேட்பேன். "வெள்ளை" என்பார்கள். "இல்லை!" என்று சொல்வதில் எனக்கொரு பெருமை.

அதன் மயிரில் வெள்ளை நிறப்பொருள் எதுவும் கிடையாது. மயிர் ஒளியை ஊடுபுகவிடும். நீண்ட வெளிமயிர் உள்ளே குழாய்போல வெறுமையானது. ஒளி பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சீனியும் அப்படித்தான். ஒரு மணி கண்ணாடி போலிருக்கும், குவித்தால் வெள்ளை. மயிருக்குக் கீழே தோலோ கறுப்பு. 2004இல் சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையில் ஷீபா, இனூகா என்ற தாயும் மகனும் பச்சையாகிப்போயின. வெறுமையான மயிருக்குள் அல்கா வளர்ந்திருந்தது! ஐதரசன் பெரொக்சைட்டினால் கழுவித்தான் வெளுக்க வைத்தார்கள்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "அந்தக் குழாய்கள் சூரியனின் கழியூதாக் கதிர்களைக் கறுப்புத் தோலுக்குக் கொண்டுபோய்க் கரடியைச் சூடாக்குகின்றன" என்றும் சொன்னேன். எங்கோ கேட்டது. அதற்குத்தான் எல்லோரும் அதிகம் வியந்தார்கள்.

சில வாரங்களின் பின் நூலகத்தில் ஒரு கட்டுரை வாசித்தேன். டானியல் கூன் என்ற அமெரிக்க பௌதிகவியலாளர் 1998இல் கரடி மயிரினூடே ஒளியைச் செலுத்தி அளந்திருக்கிறார். சிறிது தூரத்திலேயே ஒளி மங்கிவிடுகிறது. கழியூதாக் கதிர்களை மயிரிலுள்ள கெரற்றினே உறிஞ்சிவிடுகிறது. கரடியைக் காப்பது அடர்ந்த உள்மயிரும் தோலுக்குக் கீழுள்ள கொழுப்பும்தான்.

எனக்கு முகம் சுட்டது. கண்ணால் காண்பதை நம்பாதீர்கள் என்று ஊருக்குச் சொன்ன நான், காதில் விழுந்ததை அப்படியே நம்பியிருந்தேன்.

அன்று தரம் 6 பிள்ளை ஒருத்தி நான் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. இடைவேளையில் தேடிப்போய்ச் சொன்னேன். அடிமட்டம் வைத்து அந்த வரியை வெட்டினாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப வெள்ளையில்ல எண்டதும் பொய்யா, ராத்தா?" என்றாள்.

"இல்ல, அது உண்மை" என்றேன். அவள் சற்று யோசித்துத்தான் தலையாட்டினாள்.

அன்று கேட்டுச் சென்ற மற்றவர்களை நான் எங்கே தேடுவேன்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.