இயல்பு என்பது யாருடைய எண்?

குருதிப் பரிசோதனை அறிக்கைகளிலே நமது பெறுபேற்றுக்கு அருகே ஈரெண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே நமது எண் அமையின் மனம் ஆறுதல் அடைகிறது. வெளியே விழின் கலங்குகிறது. அவ்வெண்கள் யாரை அளந்து பெறப்பட்டன என்று வினவுவோர் சிலரே.

முன்னர் இவற்றை 'இயல்பு அளவுகள்' என்றே வழங்கினர். அப்பெயரின் குறையை உணர்ந்த பின்லாந்து நாட்டு அறிஞர்களான கிராஸ்பெக்கும் சாரிசும் 1969 இல் 'ஒப்பீட்டு அளவுகள்' என்னும் கருத்தை முன்வைத்தனர். அதன் முறை கடினமானதன்று. நலமுடையோர் எனத் தெரிந்தெடுத்த குறைந்தது 120 பேரின் அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, இரு முனைகளிலும் நூற்றுக்கு இரண்டரை வீதத்தை நீக்கி, நடுவே எஞ்சும் 95 வீதத்தின் எல்லைகளைக் கொள்ள வேண்டும். 120 பேராயின் மூன்றாவது எண் கீழெல்லை. 118 ஆவது எண் மேலெல்லை. 'ஆர்' எனப்படும் இலவசப் புள்ளிவிபர மென்பொருள் இதனை நொடியில் கணித்துத் தரும். அவ்வெல்லைகளை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதையும் கூறும். கலைப்பீடத்தில் பயிலும் என் போன்றோருக்கும் இக்கணிப்பு எட்டாததன்று. ஆனால் அந்த 120 பேர் யாவர் என்பதை எம்மென்பொருளும் கூறாது.

மலைநாட்டை எடுத்துக்கொள்வோம். ஹற்றன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. உயரம் கூடக்கூட மூச்சிலே கிட்டும் ஒட்சிசன் குறைவதால், உடல் அதற்கு ஈடாக ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. கருவுறாத பெண்களுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவது குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனம் தாழ்நிலத்தோருக்கு வகுத்த தீர்மான எல்லை. அந்நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 1,000 மீற்றர் முதல் 1,499 மீற்றர் வரை அதனோடு 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 வரை 1.1 கிராமும் கூட்ட வேண்டும். எனவே ஹற்றனில் எல்லை 12.8, நுவரெலியாவில் 13.1.

நுவரெலியாவை அடுத்த தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் அறிக்கையில் 12.4 என்றிருந்தது. அதனருகே எக்குறியும் இடப்பட்டிருக்கவில்லை. மலையேறும்போது மூச்சு வாங்குவதையும் மாலையில் தலை சுற்றுவதையும் "வயசாகுதில்ல" என்று அவர் ஒதுக்கிவிட்டார். கொழும்பிலே நலத்தின் அடையாளமாகும் எண், அவர் நிற்கும் மலையிலே குறைபாட்டின் அடையாளமாதல் கூடும் என்பதை அத்தாளில் எவ்வரியும் சொல்லவில்லை.

அவ்வாறாயின் மலைநாட்டுப் பெண்களையே அளந்து மலைநாட்டுக்கெனத் தனி எல்லை வகுத்தால் என்ன? இங்கேதான் பெரியதோர் இடர் மறைந்துள்ளது. பெருந்தோட்டப் பெண்களிடையே இரும்புச்சத்துக் குறைபாடு புதிய செய்தியன்று. உணவின் வறுமையோடு, சாப்பாட்டுக்குப் பின் அருந்தும் கடுஞ்சாயமும் இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. மலையிலே எதிர்ப்பட்ட 120 பெண்களை அப்படியே அளந்தால், உயரம் எண்ணை மேலே தூக்கும். குறைபாடு கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, விடை கொழும்பின் எல்லையைப் போலவே தோன்றலாம். கணினியும் மறுப்பின்றி அதை அச்சிடும். பலரிடம் காணப்படுவது என்பதாலேயே ஒரு நோய் இயல்பாகிவிடும்.

இதனைத் தவிர்க்கும் வழியும் உண்டு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினை அளந்து, குறைந்தோரை விலக்க வேண்டும். அழற்சியும் தொற்றும் பெரிற்றினைப் பொய்யாக உயர்த்துமாதலால், அவற்றையுடையோரையும் விலக்க வேண்டும். எஞ்சுவோர் 120 பேராகும் வரை தோட்டந்தோட்டமாகத் தேட வேண்டும். 2006 இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் வளர்ச்சி நியமத்தை வகுத்தபோது, ஆறு நாடுகளிலே நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளையே தெரிந்தெடுத்தது. குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதன்று, எப்படி வளர வேண்டும் என்பதே அதன் வினா.

தோட்டத்து மக்களுக்குப் பிறர் வகுத்த எண்கள் புதியனவல்ல. தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்று 'அரைப்பேர்'. அந்நிறையை யார், எதைக்கொண்டு குறித்தார் என்று அவர்கள் கேட்கத் தவறியதில்லை. அதே கேள்வியை வைத்திய அறிக்கையின் ஈரெண்களை நோக்கியும் கேட்டல் வேண்டும். கணிப்பதற்கு மென்பொருள் போதும். நலமுடையோர் யாவரென்று துணிவதற்கோ அம்மலைகளில் ஏறி, அம்மக்களின் உணவையும் உழைப்பையும் அறிந்தவர்கள் வேண்டும். அப்பணியிலே மருத்துவ பீடத்தாரோடு கலைப்பீடத்தார்க்கும் பங்குண்டு.