உடன் சென்றவர்

பல்லாண்டுகள் தமிழ் கற்பித்துப் பணிநிறைவு பெற்ற என்னைத் தேடி, என் பழைய மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் வந்தார். இன்று அவர் செவிலியர் கல்லூரி ஒன்றில் பயிற்றுநர். அயல்நாட்டுப் போர்முனைகளில் காயமுற்ற படைவீரரை விமானத்தில் கொண்டு செல்லும் மருத்துவமுறை குறித்துத் தம் மாணவியர்க்காகத் தமிழில் சில பக்கங்கள் எழுதியிருந்தார். "ஐயா, சொற்களை மட்டும் பார்த்துத் தாருங்கள்" என்றார். சொற்களைப் பார்க்க அமர்ந்த நான் பொருளில் சிக்கிக்கொண்டேன்.

முதலில் என்னை நிறுத்தியது ஓர் ஊர்ப்பெயர். 1943ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள், நாடு பிளவுபடுமுன் இந்தியாவின் நகராயிருந்த கராச்சியிலிருந்து ஒரு விமானம் புறப்பட்டது. அதில் ஐந்து நோயாளிகள். அவர்களுள் எழுந்து நடக்க இயலாதவர் இருந்தனர், காசநோயாளர் இருந்தார், மனம் பேதலித்தவரும் இருந்தார். அவர்களை வாஷிங்டன் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு எல்சி ஓட் என்னும் 29 வயதுப் படைச்செவிலியருடையது. செய்தி அவருக்கு முந்தைய நாள்தான் தெரிந்தது. அதற்குமுன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லையாம். உடன் மருத்துவர் எவருமில்லை. உதவிக்கு வந்த மருத்துவப் படைவீரரோ மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். மருத்துவக் கருவியென்று சொல்ல ஒரு முதலுதவிப் பெட்டி.

அரேபியக் கரையையும் ஆப்பிரிக்காவையும் கடந்து, அக்ராவில் வேறு விமானத்திற்கு மாறி, அசென்சன் தீவு, பிரேசில், போர்ட்டோ ரிக்கோ, புளோரிடா எனத் தங்கித் தங்கிச் சென்ற அப்பயணம் ஆறரை நாளில் முடிந்தது. கப்பலில் போயிருந்தால் மூன்று மாதங்கள் வரை ஆகியிருக்கும். கண்டம் விட்டுக் கண்டம் நோயாளரை வான்வழி கொண்டு சென்ற முன்னோடிப் பயணமென்று இதனை வரலாறு போற்றுகிறது. அவ்வாண்டே அமெரிக்க விமானப் பதக்கம் பெற்ற முதற் பெண்மணியும் ஓட் ஆனார். எனக்கோ அப்பதக்கத்தினும் பெரியதாகத் தோன்றியது, பயணம் முடிந்ததும் அவர் கொடுத்த அறிக்கை. அடுத்த முறை ஆக்சிஜன் வேண்டும், காயங்கட்டும் பொருள்கள் மிகுதியாக வேண்டும், கம்பளிகள் வேண்டும், காப்பி வேண்டும், செவிலியர்க்குப் பாவாடை உதவாது, கால்சட்டை வேண்டும். வீட்டுக்கு மளிகை எழுதுவது போன்ற பட்டியல்! ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே அந்த ஆறரை நாளில் கைக்கெட்டாமற்போன ஒரு பொருள் இருக்கிறது. வான்வழிச் செவிலியர்க்கெனப் பயிற்சி பெற்ற முதல் அணி, கெண்டக்கி மாநிலத்தில் அடுத்த மாதந்தான் தேறி வெளிவந்தது. ஓட் தாமும் பின்னர் அப்பயிற்சியைப் பெற்று, மீண்டும் இந்தியாவுக்கே பணிக்கு வந்தார். பயிற்சிக்கு முன்னரே தேர்வெழுத வைக்கப்பட்டவர் என்று நான் என் மாணவியிடம் சொன்னேன்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். "ஸ்டேபிள்", "ஸ்டெபிலைஸ்டு" என்னும் இரண்டையும் அவர் "நிலையான நோயாளி" என்றே எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றல்லவே என்றேன். தானே நிற்பவன் ஒருவன். பிறர் தாங்குவதால் நிற்பவன் மற்றொருவன். பழைய முறையில் முன்னவனை மட்டுமே தொலைவுக்குக் கொண்டு செல்வார்கள். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு, பால் கார்ல்ட்டன் என்னும் அமெரிக்க விமானப்படை அறுவை மருத்துவரின் முயற்சியால், 1994 முதல் பின்னவனையும் கொண்டு செல்லும் குழுக்கள் உருவாயின. தீவிர சிகிச்சை மருத்துவர், செவிலியர், மூச்சுக்கருவி வல்லுநர் என மூவர். "நிலைப்பட்டவர்", "நிலைப்படுத்தப்பட்டவர்" என்று பிரித்தெழுதினோம். இந்த ஒரு வினைவிகுதி வேற்றுமையில் எத்தனை உயிர்கள்!

ஈராக்கின் பலாத் தளத்துப் படை மருத்துவமனையில் குருதிப்பெருக்கை மட்டும் அடக்கி, சிலருக்கு வயிற்றைத் தைத்து மூடாமலேகூட விமானத்தில் ஏற்றினார்கள். செருமனியின் லான்ட்ஸ்டூல் மருத்துவமனையில் அடுத்த அறுவை, அதன்பின் தாயகம். வியட்நாம் போரில் களத்திலிருந்து அமெரிக்கா சேரச் சராசரியாக 45 நாளானது. ஈராக்கில் நான்கு நாளுக்கும் குறைவு. இரண்டாம் உலகப்போரில் காயமுற்றோருள் நூற்றுக்கு 30 பேர் இறந்தனர். ஈராக், ஆப்கானித்தான் போர்களில் ஏறத்தாழ 10 பேர். இக்குறைவுக்கு விமானம் மட்டுமே காரணமன்று. களத்திலேயே குருதியை நிறுத்தும் கட்டும், அருகே நிறுவிய அறுவைக்கூடமும் பெரும்பங்கு வகித்தன.

வானூர்தியோ நோயாளிக்கு உகந்த இடமன்று. உள்ளிருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்கு, அதாவது உதகையைவிடச் சற்று உயர்ந்த மலைக்கு, ஒப்பானது. உடலுள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். மார்புக்கூட்டில் சிறிது காற்றுத் தங்கியிருந்தாலும் தரையில் தாங்கியவன் வானில் மூச்சுத் திணறுவான்; ஆகவே குழாய் வைத்து அதனை வெளியேற்றிய பின்னரே ஏற்றுவர். எந்திர இரைச்சலில் இதயத்துடிப்பைக் காதால் கேட்கவியலாது. கருவியின் எச்சரிக்கை மணியும் கேளாது. ஆகவே அம்மூவரும் கண் இமையாமல் கருவிகளின் விளக்குகளையும் முள்களையும் பார்த்தபடியே செல்கின்றனர்.

இவ்வளவையும் வியந்தபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பலாத்தில் அதே மருத்துவர்கள் ஈராக்கிய மக்களுக்கும் அறுவை செய்தார்கள். ஆயினும் செருமனி செல்லும் விமானம் பொதுவாக அவர்களுக்கில்லை. போரால் நலிந்த உள்ளூர் மருத்துவமனைகளுக்கே அவர்கள் அனுப்பப்பட்டனர். அடுத்தடுத்த கட்டில், ஒரே குண்டு. வழி மட்டும் வேறு. மாணவியின் குறிப்பில் இது இல்லை. சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்.

"மூச்சுக்கருவி வல்லுநரின் கடமைகள்" என்னும் பகுதிக்கு வந்தபோது என்னால் படிக்க முடியவில்லை. 1992ஆம் ஆண்டின் ஒரு மழையிரவு. என் தந்தையாரை எங்கள் சிற்றூர் மருத்துவமனையிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஊர்தியில் ஓட்டுநர் முன்னே. பின்னே நானும் அவரும். ஆக்சிஜன் உருளையைப் பொருத்தித் தந்தவர், "போய் வாருங்கள்" என்று கதவைச் சாத்தினார். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அத்தா என் கையை இறுகப் பற்றினார். முகமூடி இருக்கிறதே, ஏன் தவிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. குளிர்கிறதோ என்றெண்ணிப் போர்வையை இழுத்துவிட்டேன். உயிரோடுதான் சேர்த்தோம், மூன்றாம் நாள் மறைந்தார். உருளை வழியிலேயே தீர்ந்துவிட்டது என்பதை இறக்கி வைத்த பணியாளர் சொல்லித்தான் அறிந்தேன். அதன் கழுத்தில் ஒரு சிறிய வட்டமும் அதனுள் ஒரு முள்ளும் இருந்தன. வழி நெடுக அவை என் கண்ணெதிரேதான் இருந்தன.

மாணவியின் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, ஓட் அம்மையாரின் பட்டியலில் "உயிர்வளி" என்று அவர் எழுதியிருந்ததை அடித்து "ஆக்சிஜன்" என்றே மாற்றியிருந்தேன். தனித்தமிழ்ச் சொல்லை நானா அடித்தேன் என்று அவர் வியப்போடு பார்த்தார். ஓட்டுநருக்கும் உடன் செல்லும் மகனுக்கும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும் என்றேன்.