எந்த மொழியில் கேட்பது?

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்பு முனைகள் அதில் இல்லை. அதனால்தான் மூளைக் கட்டிகளுக்கான சில அறுவை சிகிச்சைகளின்போது தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியை விழித்திருந்து பேசச் சொல்ல முடிகிறது.

பேச வைப்பதற்குக் காரணம் கட்டியின் இயல்பு. கிளியோமா வகைக் கட்டிகள் பலவற்றுக்குத் தெளிவான எல்லை கிடையாது. நல்ல திசுவுக்குள் ஊடுருவிப் பரவுகின்றன. கூடுதலாக அகற்றினால் ஆயுள் நீளலாம். அளவு மீறினால் பேச்சு போய்விடலாம். எனவே மூளையின் மேற்பரப்பில் ஓரிடத்தில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நோயாளிக்கு ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். "இது..." என்று தொடங்கியவருக்குப் பெயர் வராமல் நின்றால், அந்த இடத்தைக் காக்க முயல்கிறார்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் வரைபடம் இதற்கு இல்லை. ஜார்ஜ் ஓஜ்மன் குழுவினர் 117 நோயாளிகளிடம் கண்டவற்றை 1989இல் வெளியிட்டனர். மொழிக்குரிய இடங்கள் ஆளுக்கு ஆள் மாறின. அதற்கு முன்பே, 1978இல், ஓஜ்மனும் விட்டேக்கரும் இருமொழியாளர் இருவரை ஆராய்ந்திருந்தனர். சில இடங்களைத் தூண்டியபோது இரு மொழிகளும் தடுமாறின; வேறு சில இடங்களில் ஒரு மொழி மட்டுமே தடுமாறியது.

இந்தியாவுக்கு இந்த முடிவு மிக முக்கியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்கள். வீட்டில் துளுவும் பள்ளியில் கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். சோதனை ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால், துளுவுக்கு மட்டும் உரிய ஓரிடம் கவனிக்கப்படாமலே போகக்கூடும். மருத்துவரிடம் நன்றாகப் பேசும் அவர், தாயிடம் பேசச் சொல்லின்றித் தவிக்க நேரலாம்.

ஆங்கிலப் படத்தொகுப்பை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்பதும் சரியன்று. தமிழில் "வந்தாள்", "வந்தார்" என்னும் சொற்களின் விகுதியிலேயே யார் வந்தார், அவருக்கு எவ்வளவு மரியாதை என்பது தெரிந்துவிடும். குடையையும் கத்தரிக்கோலையும் பெயர் சொல்லிக் காட்டுவதால் இந்தத் திறன் சோதிக்கப்படுவதில்லை. வினையையும் வாக்கியத்தையும் சோதிக்க வேண்டும்.

மருத்துவமனைப் படிவத்தில் "தாய்மொழி" என்று ஒரு கட்டம் இருந்தால் போதாது. பிள்ளைகளை எந்த மொழியில் கண்டிக்கிறார், எந்த மொழியில் பணத்தை எண்ணுகிறார், எந்த மொழியில் வேண்டிக்கொள்கிறார் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். அந்த விடைகளிலிருந்து சோதனையை உருவாக்குவது மொழியியலாளரின் பணி. அறுவை அரங்கில் அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.