இரவல் செவி

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. குஞ்சின் நிறத்தைப் பற்றிக் காக்கையிடமே கேட்பதில் பயனில்லை என்பது அதன் உட்கிடை. நெடுங்காலம் பிறர்க்கு எடுத்துச் சொல்லி வந்த இப்பழமொழியின் பொருளை, அறுபது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் ஓர் ஒலிப்பதிவின் வாயிலாக, நான் அறிந்துகொள்ள நேர்ந்தது.

நான் இசைவாணன் அல்லேன். பள்ளியில் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் அன்னையார் தாலாட்டுப் பாடுவதில் வல்லவர். 2018-ஆம் ஆண்டில், அவருடைய 79-ஆம் வயதில், எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து அவர் பாட, எதிரே முக்காலியின் மீது ஒலிவாங்கியை நிறுத்திப் பதிவு செய்தேன். பதினொரு நிமிடங்கள். பாட்டின் நடுவே, தாமாகவே சொற்களை இட்டுக்கட்டி, முதலில் என் தமக்கையின் பெயரையும் பின்னர் என் பெயரையும் சேர்த்துப் பாடினார். தமக்கையார் வெளியூரில் வாழ்பவர், அன்று உடனில்லை. இரண்டாண்டுகளில் அன்னையார் மறைந்தார். அந்தப் பதினொரு நிமிடங்கள் மட்டும் எங்களுக்கு எஞ்சின.

முதலாண்டு நினைவு நாளுக்குள் அப்பாடலைச் செம்மைப்படுத்தி உறவினர்க்கெல்லாம் அளிக்க வேண்டும் என்னும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. ஒலிக்கலவைக் கலையைக் கற்கத் தொடங்கினேன். குரலையும் கருவிகளையும் தனித்தனித் தடங்களாகப் பதிந்து, ஒவ்வொன்றின் உரப்பையும் தொனியையும் தொலைவையும் அளந்து ஒன்றாக இணைப்பதே அக்கலை. ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே அது உரியதாக இருந்தது. 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டுடியோவை வெளியிட்ட பின் அக்கலை வீட்டு வாயிலைத் தட்டியது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள், விலையின்றியே வேண்டுமளவு தடங்களை நம் கணிப்பொறியில் தருகின்றன. கருவி வீடு தேடி வந்துவிட்டது. செவி மட்டும் வரவில்லை என்பதை அப்போது நான் அறியேன்.

மூன்று மாதங்கள் உழைத்தேன். நண்பரின் மக்களைக் கொண்டு வயலினும் புல்லாங்குழலும் சேர்த்தேன். கீபோர்டில் மந்தர சுருதி ஒன்றை அடியில் ஓடவிட்டேன். பதிவில் விழுந்திருந்த மின்விசிறியின் இரைச்சலைத் துடைத்தேன். ஊஞ்சல் முன் வரும்போது குரல் உயர்ந்தும் பின் செல்லும்போது தாழ்ந்தும் இருந்தது. அதனைக் குறையெனக் கருதி, கம்ப்ரசர் என்னும் அமுக்கியால் மட்டமாக்கினேன். போதாக்குறைக்குப் பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் எதிரொலியும் கூட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உரக்கக் கேட்டபோது, என் செவிக்கு அது தேனாகவே இனித்தது.

முதலில் கேட்டவர் என்னுடன் பணியாற்றிய ஆசிரியர். "பிரமாதம் சார்!" என்றார். உள்ளம் குளிர்ந்தது, ஆனால் அச்சொல்லைக் கொண்டு திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு இளைஞன் தன் கைப்பேசியில் கேட்டுவிட்டு, "அடியில் ஏதோ சுருதி ஓடுகிறது என்றீர்களே மாமா, அது கேட்கவே இல்லையே" என்றான். நகத்தளவு ஒலிபெருக்கி மந்தர ஒலியை எங்ஙனம் தரும்? குறை அவன் கைப்பேசியினது என்று தள்ளிவிட்டேன். என் உறவினர் பலரும் கைப்பேசியிலேதான் கேட்கப் போகின்றனர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவதாகத் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. அம்மா எங்கேடா?" என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. மூன்று மாத உழைப்புக்கு இதுவா பரிசு? தம் பெயரை அன்னையார் பாடியிருப்பதைப் பற்றிக்கூட ஒரு சொல் சொல்லவில்லையே! இரண்டு நாட்கள் அவருடன் பேசவில்லை.

மூன்றாம் நாள், சென்னையில் பல்லாண்டுகள் ஒலிப்பதிவுத் தொழில் செய்து ஓய்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் என்னைப் பாராட்டுவார், தமக்கையாரின் வாயை அடைக்கலாம் என்பதே என் உள்நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் என் பதிவை முழுவதும் கேட்டார். பின்னர் அதன் ஒரு பகுதியை இருமுறை ஒலிக்கச் செய்து, "எது நன்று?" என்றார். இரண்டாவது என்றேன். அவர் நகைத்தார். "இரண்டும் ஒன்றே, வாத்தியாரே. பின்னதை ஒரு டெசிபல் ஏற்றினேன், அவ்வளவுதான். உரப்பு கூடினால் சிறப்புக் கூடியதாகச் செவி நம்பிவிடும். நீங்கள் மூன்று மாதமும் நம்பியது அதைத்தான்."

பின்னர், "இதை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்?" என்றார். நூறு முறையாவது இருக்கும் என்றேன். "சொற்கள் உங்களுக்கு மனப்பாடம். குரலை வயலின் மூடினாலும், மூடிய இடத்தை உங்கள் மனம் நிரப்பிவிடும். முதன்முறை கேட்பவருக்கு அந்த வசதி இல்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமக்கையார் தம் பெயரைக் கேட்டும் பேசாதிருக்கவில்லை. அவர் அதைக் கேட்கவே இல்லை.

அன்று அவர் கற்பித்தவை பல. சொற்களைத் தெளிவாக்கும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் தங்கியிருக்கிறது. வயலினின் மேல் ஒலிகளும் அங்கேயே வந்து குடியேறுகின்றன. ஆகவே குரலை ஏற்றுவதைவிட, அவ்விடத்தில் வயலினை இறக்குவதே முறை. உரப்புக் குறையும்போது மந்தர ஒலிகளுக்குச் செவி மந்தமாகிவிடுகிறது என்பதை 1933-இலேயே பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். ஆகவே உரக்க வைத்துக் கேட்ட கலவை, மெல்லக் கேட்கும்போது வேறாகிவிடும். "மெல்ல ஒலிக்கவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கேளுங்கள். அங்கும் தாயின் குரல் வந்தால் கலவை சரி" என்றார்.

இவை யாவும் நுட்பங்கள். அவற்றினும் மேலானது, கருத்துக் கேட்கும் முறையைப் பற்றி அவர் சொன்னது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நண்பர் நம் முகத்தைப் பார்த்தே விடை சொல்வார். "எந்தச் சொல் புரியவில்லை? எவ்விடத்தில் மனம் விலகியது?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் நோயாளியைப் போன்றவர். வலிக்கும் இடத்தைச் சொல்வார், மருந்தைச் சொல்ல மாட்டார். மருந்தைத் தேடுவது நம் கடன். வலி என்பவரிடம் வலி இல்லை என்று வாதாடலாகாது. "உங்கள் அக்காள் வலியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்" என்று முடித்தார்.

வீடு திரும்பி, அடுக்களையில் நின்று கேட்டேன். வயலின் கேட்டது, குழல் கேட்டது. அன்னையாரைக் காணோம்.

முதலிலிருந்து தொடங்கினேன். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், போர்ட்டாஸ்டுடியோவில் வீட்டிலே முன்மாதிரியாகப் பதிந்த பாடல்களைத் தம் குழுவினருடன் மீண்டும் பதிந்து பார்த்து, நிறைவு பெறாமல், 1982-இல் அந்த வீட்டுப் பதிவையே 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளியிட்டார். தொழில் வல்லவர்க்கே அத்துணிவு வேண்டியிருந்தது என்றால், எனக்கென்ன வெட்கம்? வயலினை முற்றிலும் நீக்கினேன். சுருதியையும் எதிரொலியையும் எடுத்துவிட்டேன். குழலைக் கண்ணிகளுக்கு இடையில் மட்டும் நிறுத்தினேன். அமுக்கியைக் கைவிட்டு, சொல் அமிழ்ந்த இடங்களில் மட்டும் கையால் சிறிது உயர்த்தினேன். மின்விசிறியின் மெல்லிய இரைச்சல் திரும்பி வந்தது. ஊஞ்சலும் திரும்பி வந்தது. அதன் சங்கிலி முனகலோடு குரல் அருகில் வந்தும் அகன்றும் ஆடியது. நான் குறையென்று துடைத்தது அன்னையார் அமர்ந்திருந்த இடத்தையே என்பது அப்போது தெரிந்தது.

தமக்கையாருக்கு அனுப்பினேன். "எந்தச் சொல் புரியவில்லை என்று மட்டும் சொல் அக்கா" என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன்னே அழைத்தார். குரல் தழுதழுத்தது. "எல்லாம் புரிந்தது தம்பி. அம்மா என் பெயரைப் பாடியிருக்கிறாளே! இதை ஏன்டா முதலில் அனுப்பியதில் வைக்கவில்லை?"

அதிலும் இருந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.