985 பூக்கள்... அத்தனையும் காகிதம்!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது எகிப்து மம்மிகளைத்தான். அடுத்தது ரொசெட்டா கல். அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, வடக்குப் பக்கப் படிகளில் மேலே ஏறினால் அச்சுப்படங்களும் ஓவியங்களும் இருக்கும் பகுதி வரும். அங்கே ஒரு பாட்டி செய்த 985 காகிதப் பூக்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால் எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

பாட்டியின் பெயர் மேரி டெலானி. பிறந்தது 1700-ல். பதினேழு வயதில், அறுபதை நெருங்கிய ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். அவள் சம்மதத்தை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த மனிதர் சில வருடங்களில் இறந்துபோனார். நாற்பதைத் தாண்டிய பிறகு, தானே விரும்பி மணந்துகொண்டது பேட்ரிக் டெலானி என்ற பாதிரியாரை. இருபத்தைந்து வருட நல்ல வாழ்க்கை. 1768-ல் அவரும் போய்விட்டார்.

தனிமையில் இருந்த மேரியைத் தன் புல்ஸ்ட்ரோட் மாளிகைக்கு அழைத்துக்கொண்டார் தோழி போர்ட்லண்ட் சீமாட்டி. செடி கொடிகளில் பைத்தியமான வீடு அது. ஜோசப் பேங்க்ஸ் போன்ற தாவர அறிஞர்கள் வந்துபோகும் இடம். 1772-ல் அங்கே இருந்தபோது, மேஜையில் கிடந்த சிவப்புக் காகிதமும் பக்கத்திலிருந்த ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறமாக மேரியின் கண்ணில் பட்டன. கத்தரிக்கோலை எடுத்தார். அப்போது வயது 72!

முதலில் ஒரு தாளில் கருப்பு வண்ணத்தைப் பூசிக் காயவைப்பார். செடியை எதிரே வைத்துக்கொள்வார். பென்சிலால் வரைந்துகொள்வதெல்லாம் கிடையாது, நேரே வெட்டு. இலை ஒன்றுக்கு ஒரு பச்சை போதாது. அடர்பச்சையின் மேல் இளம்பச்சை, அதன் மேல் நூல் போன்ற நரம்பு என்று அடுக்கடுக்காக ஒட்டுவார். நிழல் விழும் இடத்தில் கருத்த காகிதம், வெயில் படும் இடத்தில் வெளுத்தது. தேவைப்பட்டால் கடைசியில் தூரிகையால் ஒரு தொடு. ஒரு பேஷன் மலரில், பூவுக்கு மட்டும் 230 துண்டுகள். வெறும் அலங்காரமாக நின்றுவிடக் கூடாது என்பதில் கண்டிப்பு: மகரந்தத் தாள்களைக்கூட எண்ணித்தான் ஒட்டினார். தாவரவியல் பெயரையும் எழுதினார். கியூ தோட்டத்திலிருந்து செடிகள் வந்து சேரும்படி அரசர் மூன்றாம் ஜார்ஜே ஏற்பாடு செய்தார்.

காகிதத்தோடு அவர் நிற்கவில்லை. சில படங்களில் நிஜ இலையையே ஒட்டியிருக்கிறார். நம்மூர்ப் பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிக்கும் சொடக்குத் தக்காளிக்கு ஐரோப்பாவில் ஓர் உறவுக்காரச் செடி உண்டு. காயை மூடியிருக்கும் உறை ஆரஞ்சு நிற விளக்குக் கூடு போலிருக்கும். அந்தப் படத்தில் ஒரு கூடு மட்டும் காகிதம் அல்ல. சதை உதிர்ந்து நரம்பு வலை மட்டும் மிஞ்சிய அசல் கூடு.

ஆயிரம் பூக்கள் என்பது மேரியின் கணக்கு. 1782-ல் கண் பார்வை மங்கிவிட்டது. பதினைந்து பூக்கள் பாக்கி. அதற்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடவில்லை. 1788-ல் காலமானார். தங்கை வழி வாரிசு ஒருவரின் உயில்படி, 1897-ல் பூக்கள் மியூசியத்துக்கு வந்தன.

மியூசியத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பிக்கடில்லி செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. லண்டன் போக முடியாதவர்கள் மியூசியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் போதும். திரையை விரல்களால் விரித்துப் பாருங்கள். ஓவியம் என்று நினைத்த இதழின் ஓரத்தில், வெட்டிய காகிதத்தின் விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.