பெரியபாளையத்தில் ஒரு பத்துக்குப் பன்னிரண்டு வீடு

பெரியபாளையம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஆடி மாசம், வேப்பஞ்சேலை, பொங்கல் பானை, வேன் வேனாக வந்து இறங்குகிற குடும்பங்கள்... எனக்கும் இத்தனை வருஷமாக அதுதான். காலையில் போய், பவானி அம்மனைத் தரிசித்து, சாயங்காலம் திரும்பிவிடுகிற ஊர். இந்த மாசியில்தான் பத்து நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. வேலை என்ன தெரியுமா? ஒரு சின்ன வாடகை வீட்டை அழகு பண்ணுவது!

சென்னையிலிருந்து செங்குன்றம் வழியாகக் கல்கத்தா சாலையில் வந்து, ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் ஊத்துக்கோட்டைப் பக்கம் திரும்ப வேண்டும். மஞ்சங்காரணை, கன்னிகைப்பேர் தாண்டினால் பெரியபாளையம். வழியில் ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் கிடங்கு. விடியற்காலையிலும் ராத்திரியிலும் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற எத்தனையோ இளம் குடும்பங்கள் இப்படிச் சுற்றுப்பட்ட ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. என் தங்கை மகளும் அவர்களில் ஒருத்தி.

அவள் குழந்தைக்கு ஒரு வயசு முடிகிறது. அம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். இரண்டு பக்கத்து உறவும் வருகிறார்கள். போனில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பெரியம்மா, கோயில்லேயே எல்லாத்தையும் முடிச்சு, ஓட்டல்ல சாப்பாடு போட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன். வீட்டுக்கு யாரையும் கூப்பிட வேணாம்."

"ஏண்டி, பேத்தி வளர்ற வீட்டைப் பாக்காம உன் மாமியார் பஸ் ஏறுவாங்களா?"

பதில் இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை. ஓரமாகச் சின்னச் சமையலறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பின்சுவரில் மழைநீர் இறங்கி, ஏதோ தேசப்படம் போலக் கறை. வீட்டுக்கார அம்மா முதல் நாளே போட்ட உத்தரவு, 'சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது!' அதனால் கல்யாணத்துக்கு வந்த படங்கள்கூட கட்டிலுக்கடியில் துணி சுற்றிக் கிடந்தன.

இந்த ஊருக்குப் பக்கத்திலேயே சிறுவாபுரி முருகன் கோயில் இருக்கிறது. சொந்த வீடு வேண்டுமென்று ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து போகிறவர்கள் ஏராளம். இவளும் நாலு வாரம் போயிருக்கிறாள். "வீடு கட்டினப்புறம் எல்லாம் அழகா வச்சுக்கலாம் பெரியம்மா" என்றாள். முருகன் கொடுக்கும்போது கொடுக்கட்டும். குழந்தை தவழ்வதும் நடப்பதும் இந்த வீட்டில்தானே? அவள் கணவர் யோசித்து யோசித்து எடுத்துக் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்குள் என்ன முடியுமோ அது என்று ஆரம்பித்தோம்.

முதலில் சுவர். சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்கார அம்மா சம்மதித்தார். (அவர் வீட்டுச் சுவர்தானே வெளுக்கிறது!) பத்து கிலோ சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றி, வடிகட்டி, சோற்றுக் கஞ்சியும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்து இரண்டு கை அடித்தோம். கஞ்சி சேர்த்தால் கையில் ஒட்டாது. நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை, அதன் மேல் வெள்ளையில் இழைக்கோலம். குழந்தையின் கை அழுக்கு படுகிற உயரம் அதுதான், காவியில் தெரியாது.

அலமாரியில் யாரோ விட்டுப்போன பழைய எனாமல் பெயின்ட் டப்பா ஒன்று இருந்தது. "இதை வச்சுப் பானைக்கு அடிக்கலாமா?" என்றாள். கூடவே கூடாது என்று எடுத்து ஒதுக்கிவிட்டேன். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின டப்பாவில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசுக் குழந்தை உள்ள வீட்டில் அந்த விஷப்பரீட்சை எதற்கு?

அடுத்தது கூரை. நிமிர்ந்து பார்த்தால் சாம்பல் நிற ஷீட்டும் ஒட்டடையும். ஆஸ்பெஸ்டாஸைத் துளைக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசியில் இருக்கிற நார் நுரையீரலுக்குப் பெரிய கேடு, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். மறைக்கத்தான் வேண்டும், தொடாமல் மறைக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் சுவாமிக்கு மேலே துணியில் விதானம் கட்டுவார்களே, அது ஞாபகம் வந்தது. என் பெட்டியில் கொண்டுபோன பழைய நூல் புடவைகள் மூன்று. கணக்கைப் பாருங்கள்: ஒரு புடவை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டடி. அறையின் நீளம் பன்னிரண்டடி. மிச்சம் ஆறடி பின்சுவரில் திரை மாதிரி இறங்கும். அந்தத் தேசப்படக் கறையும் அதன் பின்னால் போய்விடும்! அகலம் நாற்பத்தைந்து அங்குலம், மூன்றையும் சேர்த்துத் தைத்தால் பத்தடி அறைக்குத் தாராளம். விளிம்பில் நாடா கோக்கிற மாதிரி மடித்துத் தைத்து, கயிறு நுழைத்து, ஷீட்டைத் தாங்குகிற மரச் சட்டங்களில் கட்டினோம். ஆணியே வேண்டியிருக்கவில்லை. சமையலறைப் பக்கம் மட்டும் துணியைக் கொண்டுபோகவில்லை, அடுப்புச் சூடு ஆகாது. சீலிங் ஃபேன் உள்ள அறையிலும் இது சரிப்படாது. இவளிடம் இருப்பது ஸ்டாண்டு ஃபேன், பிழைத்தோம். மாசத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துத் துவைக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் கோயில் கடைத் தெருவுக்குப் போனோம். பெரியபாளையத்தில் கடைத் தெரு என்றால் வளையல்தான்! ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வளையல் வியாபாரி இங்கே வேப்ப மரத்தடியில் தூங்கிப்போனாராம். அவருடைய வளையல் மூட்டை புற்றுக்குள் போய்விட்டதாம். அதிலிருந்துதான் அம்மன் வெளிப்பட்டாள் என்று சொல்கிறார்கள். அதனால் வளையலில்லாமல் இங்கே எதுவுமில்லை. நாலு டஜன் கண்ணாடி வளையல், இரண்டு நாலு அளவு, பச்சையும் சிவப்புமாக வாங்கினோம். வாசற்படி மூன்றடி அகலம், அதாவது முப்பத்தாறு அங்குலம். ஒரு வரிசைக்குப் பதினைந்து வளையல், மூன்று வரிசைக்கு நாற்பத்தைந்து. மிச்சம் மூன்று, உடைந்தால் மாற்றுவதற்கு. ஒவ்வொரு வளையல் மேலும் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலாலேயே ஒன்றோடொன்று கட்டினால் தோரணம் தயார். நூல் சுற்றினால் உடைந்தாலும் சில்லு சிதறாது. ஆனாலும் நிலைக்கு மேலே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில்தான் கட்டினோம்.

திரும்பும்போது இரண்டு மூங்கில் முறம், மூன்று சின்ன மண் சட்டி, ஒரு சணல் கயிற்றுக் கண்டு. கயிற்றில் உறி பின்னினேன். இந்தக் காலத்துப் பெண்கள் 'மேக்ரமே' என்று வகுப்புக்குப் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். நம் பாட்டி வெண்ணெய்ச் சட்டி தொங்கவிட்ட அதே உறிதான்! சட்டியில் மணி பிளான்ட் வைத்து, சட்டத்திலிருந்து தொங்கவிட்டோம். அந்த இலை குழந்தை வாயில் போகக் கூடாது, அரிக்கும், வாய் வீங்கும். அதனால் அதுவும் உயரத்தில்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம். முறத்தை அப்படியே மாட்டினால் இடுக்கில் தூசி அடையும். எதைப் பூசலாம் என்று வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, முறமா? பேப்பரும் வெந்தியமும் அரைச்சுப் பூசுங்க. கல்லு மாரி நிக்கும். எங்கம்மா ஊட்ல அரிசி கொட்டி வைக்கிற கூடையே அதான்."

"உங்களுக்குத் தெரியுமா ஆயா?"

"தெரியுமாவா! பிளாஸ்டிக் டப்பா வந்தப்புறம் யாரு கேக்கறா? மருமவளுங்க தூக்கிக் கடாசிட்டாளுங்கோ."

அன்று ராத்திரியே ஆயா சொன்னபடி ஒரு கிலோ பழைய பேப்பரைக் கிழித்து ஊறப் போட்டோம். இரண்டு நாள் ஊற வேண்டும், தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். நூறு கிராம் வெந்தயம் தனியாக ஒரு ராத்திரி ஊற வேண்டும். மூன்றாம் நாள் ஆயா தன் வீட்டு உரலைக் கழுவி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். முதலில் வெந்தயம் வழுவழுவென்று அரைபட வேண்டும். பிறகு பிழிந்த பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். அச்சு எழுத்தெல்லாம் மறைந்து, சாம்பல் நிறத்தில் சப்பாத்தி மாவு மாதிரி திரண்டு வந்தது. வெந்தயத்தின் கொழகொழப்புதான் இங்கே பசை, அதன் கசப்புக்குப் பூச்சியும் சீக்கிரம் அண்டாது. தங்கை மகள் இடிக்க, ஆயா தள்ளிவிட, எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைதான்!

முறத்தின் இரண்டு பக்கமும் மெல்லிசாக அப்பியாயிற்று. மிச்ச மாவை, கவிழ்த்த குடத்தின் மேல் ஈரத் துணி போட்டு அதன் மேல் அடை தட்டுவது போல் தட்டிக்கொண்டே வந்தார். விரல் கனம்தான் இருக்க வேண்டும். தடித்தால் வெடிக்கும் என்றார். அரை நாள் நிழலில், பிறகு மூன்று நாள் வெயிலில். ஆரணி ஆற்றங்கரை வெயிலைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! குடத்தை எடுத்ததும் வாய் அகலமான கூடை ஒன்று டங்கென்று நின்றது. குழந்தையின் பொம்மைகளுக்கு அதுதான் இப்போது வீடு. முறத்துக்குச் சுண்ணாம்பு பூசி, காவியில் ஒன்றில் மயில், இன்னொன்றில் தேர்க்கோலம். ஈரம் மட்டும் படக் கூடாது, ஊறிவிடும்.

திண்டு உறைக்கு அவள் கணவரின் பழைய கட்டம் போட்ட லுங்கிகள். "லுங்கியைப் போயா?" என்று முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு ஒரு கதை சொன்னேன். இந்தக் கோயிலையொட்டிப் போகிற ஆரணி ஆறு எங்கே போய்ச் சேருகிறது? பழவேற்காட்டு ஏரியில். அங்கே 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, இந்தச் சீமைத் துணிகளை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பழவேற்காட்டைத்தான் ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்கிறார்கள். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'பெலிக்காட்' என்று பேர். நாம் பாளையக்காட்டு லுங்கி என்போம். கடல் தாண்டிப் பேர் வாங்கின கட்டம் நம் வீட்டுத் திண்டுக்கு ஆகாதா? நாலு திண்டு உறையும், தாம்பூலம் போட்டுக் கொடுக்க இருபது சின்னப் பையும் தைத்துவிட்டோம். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறதே, அதற்கும் ஆயிற்று.

கணக்குப் பார்த்தோம். சுண்ணாம்பு, காவி, பிரஷ் சேர்த்து 420; முறம் 240; வளையல் 160; சட்டி 150; கயிறு 90; நூல் 60; வெந்தயம் 15. மொத்தம் 1135 ரூபாய். மீதி 365. அதில் குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கலாமென்று நான் சொல்ல, அவள் ஆயாவுக்கு ரவிக்கைத் துணியும் வளையலும் வாங்கினாள்.

ஞாயிறு காலை கோயிலில் கூட்டம் அவ்வளவாக இல்லை. மொட்டை, தாய்மாமன் மடியில் காது குத்து, குழந்தையின் அழுகை எல்லாம் முறைப்படி நடந்தது. பிரகாரத்தில் வேப்பிலை உடுத்தி இரண்டு பெண்கள் வலம் வந்துகொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும், தங்கை மகள் தன் மாமியாரைப் பார்த்து, "வீட்டுக்குப் போலாம் அத்தை, சமையல் அங்கதான்" என்றாள். முதல் நாள் வரை அதைச் சொல்வாளா மாட்டாளா என்று எனக்கே திக்திக்கென்றிருந்தது.

இருபது பேர் அந்த அறைக்குள் எப்படித்தான் உட்கார்ந்தார்களோ! இரண்டு பந்தியாகச் சாப்பிட்டார்கள். மாமியார் அம்மாள் நிமிர்ந்து விதானத்தைப் பார்த்தார். "இது யார் புடவை?" என்றார். என்னுடையது என்றேன். "என்கிட்டயும் நாலஞ்சு கெடக்குது. அடுத்த தடவ வரும்போது எடுத்தாறேன், சமையக்கட்டுக்கும் தனியா ஒரு தடுப்புத் திரை தச்சுக்கம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, பொம்மைக் கூடையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்!

சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறின பிறகு ஆயா வந்தார். மாமியார் அம்மாள் ஒன்றும், கூட வந்த நாத்தனார் இரண்டுமாக மூன்று கூடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

"ஒரு கூடைக்கு எம்மாம் கேக்கலாம்மா?"

"வெந்தயம், பேப்பர் விலை போடுங்க ஆயா. ரெண்டு நாள் ஊறப் போட்டது, இடிச்ச கூலி, மூணு நாள் காயவச்சு காவல் காத்தது..."

"அத்தெல்லாமா கணக்குல சேத்துவாங்க?" என்று ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். தங்கை மகள் பென்சிலும் பேப்பருமாக வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்.